கல்பாலத்துப் பஸ்கி

என் கால்களைப் பற்றி நான் கொஞ்சம் பீற்றிக்கொள்வது உண்டு. எழுபதைத் தாண்டிய பிறகும், பேரன்மார் மூச்சு வாங்குகிற மாடிப்படியை நான் நிற்காமல் ஏறிவிடுவேன். எப்படி என்று கேட்பவர்களிடம் குற்றாலத் தண்ணீர் என்று சொல்லிவைப்பேன். கேட்பவர்களுக்கும் அது பிடித்திருக்கும். உண்மை வேறு. இந்தக் கால்கள் ஓர் ஆடி மாதத்தில், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே, மேலகரத்துக் கல்பாலத்தின்மேல் தயாரானவை. யாருக்காகத் தயாராயின என்பதுதான் அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. இன்றைக்கும் முழுசாக விளங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. இரண்டாவது உலக யுத்தம் இன்னும் தொடங்கவில்லை. தென்காசியில் தெருவுக்கு ஒரு சைக்கிள் இருந்தால் அதிகம். எனக்கு உடம்பு என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. வருஷத்தில் பாதி நாள் காய்ச்சல், மீதி நாள் காய்ச்சல் விட்ட அசதி. பள்ளிக்கூடத்தில் டிரில் வாத்தியார் ஒருநாள் எல்லாரையும் வரிசையாக நிறுத்திப் பஸ்கி போடச் சொன்னார். கையை முன்னால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். பதினொன்றாவது பஸ்கிக்கு உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அப்படியே பின்பக்கமாகச் சாய்ந்து புழுதியில் மல்லாந்துவிட்டேன். அன்றிலிருந்து எனக்குப் பெயர் பதினொண்ணு. சொந்தப் பெயரை அப்பா, அம்மாவைத் தவிர யாரும் சொல்லிக் கேட்ட ஞாபகம் இல்லை.

ஒவ்வொரு புரட்டாசியிலும் சரஸ்வதி பூஜைக்கு முன்னால் எங்கள் பள்ளிக்கூடத்தில் டிரில் நாள் நடக்கும். ஊர்ப் பெரிய மனுஷர்கள் வந்து பார்ப்பார்கள். ஒவ்வொருவனும் நூறு பஸ்கி போட வேண்டும். போட முடியாதவன் எல்லாருடைய சட்டைகளையும் கையில் வாங்கிக்கொண்டு ஓரமாக நிற்க வேண்டும். போன வருஷம் அப்படி நின்றவன் நான் ஒருத்தன்தான். இந்த வருஷமும் சட்டை தூக்க வேண்டியிருந்தால் பள்ளிக்கூடத்துக்கே போவதில்லை என்று மனசுக்குள் முடிவு செய்திருந்தேன்.

அந்த வைகாசியில்தான் சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. சித்தி மேலகரத்துப் பெண். சித்தப்பா அதுவரை வெயில் முதுகில் சுட்டால் ஒழியப் பாயை விட்டு எழுந்தவர் இல்லை. ஆடி பிறந்தது. சித்தியின் அப்பா வில்வண்டி கட்டிக்கொண்டு வந்து மகளை அழைத்துக்கொண்டு போனார். புதுப்பெண்ணை ஆடி மாதம் முழுக்கத் தாய்வீட்டில் வைத்துவிடுவார்கள். மாப்பிள்ளை அந்தத் திசையில் தலைகாட்டக் கூடாது. ஆடியில் உண்டாகிற பிள்ளை சித்திரையில் பிறக்கும், சித்திரையில் பிறக்கிற பிள்ளை குடும்பத்துக்கு ஆகாது என்று கணக்கு. இந்தக் கணக்கெல்லாம் எனக்கு மீசை முளைத்த பிறகு தெரிந்தது. அப்போது சித்தி ஊருக்குப் போயிருக்கிறாள் என்பதோடு சரி.

எங்கள் வீட்டில் இந்த மாதிரி முறைகளுக்கெல்லாம் காவல் பெரியத்தை. அப்பாவுக்கு அக்காள். அவளை வீட்டில் உள்ள பெண்கள் தங்களுக்குள் "ஆடிக்கு வந்தவுக" என்று சொல்வார்கள். கல்யாணமான முதல் ஆடிக்குச் சுரண்டையிலிருந்து தாய்வீட்டுக்கு வந்தாளாம். அதே ஆடியில் அங்கே அவள் புருஷன் வாந்திபேதி கண்டு இரண்டே நாளில் போய்விட்டார். ஆடி மாதம் என்பதால் கடைசிவரைக்கும் இவளை அங்கே விடவில்லை. ஒரு மாதத்துக்கு என்று வந்தவள் முப்பது வருஷமாக எங்கள் வீட்டிலேயே இருந்தாள். எனக்கு இது பழகிப்போன சேதி. அத்தைக்கு நரைத்த தலை, அதட்டுகிற குரல், அவள் ஆடிக்கு வந்தவள். மூன்றும் எனக்கு ஒன்றுபோலத்தான்.

சித்தி போன மூன்றாம் நாள் கிழக்கு வெளுக்கும் முன்னே யாரோ என் காலைப் பிடித்து இழுத்தார்கள். சித்தப்பா. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டியிருந்தார்.

"ஏலே, எந்திரி. பதினொண்ணுன்னு கூப்பிடுதானுவளாம்லா. நூறு போட வைக்கேன், வா."

தினமும் விடியலில் குற்றாலம்வரை ஓடுவது, வழியில் பஸ்கி போடுவது, அருவியில் நிற்பது, வண்டி ஏதாவது கிடைத்தால் ஏறித் திரும்புவது. இதுதான் திட்டம். அம்மா பயந்தாள். அத்தை மட்டும் முற்றத்தில் சாணம் தெளித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"பிள்ள தேறுனாச் சரிதான். ஆனா மேலகரத்துப் பக்கம் நீ தலைவச்சுப் படுக்கப்பிடாது."

"ரோடு அந்த வழியாத்தான போகுது, நான் என்ன செய்ய?"

"கண்ண மூடிக்கிட்டு ஓடு."

அப்படித்தான் தொடங்கியது. சாரல் விழுந்துகொண்டிருந்த காலம். முதல் நாள் ஊர் எல்லை தாண்டுவதற்குள் எனக்கு விலாவில் குத்தல் எடுத்துவிட்டது. சித்தப்பா என்னை முதுகில் தூக்கிக்கொண்டு ஓடினார். என்னைத் தூக்கிக்கொண்டும் அவ்வளவு வேகமாக ஓடுகிறாரே, இவரையா அத்தை சோம்பேறி என்று திட்டுகிறாள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

மேலகரத்துக்குள் நுழைவதற்கு முன்னால் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு வாய்க்கால். அதன்மேல் கல்பாலம். பாலத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் சித்தி வீட்டுத் தென்னந்தோப்பும், அதை ஒட்டி மாட்டுத்தொழுவும். சித்தப்பா என்னைப் பாலத்தில் இறக்கிவிட்டு விதிகளைச் சொன்னார். நான் அங்கேயே நின்று பஸ்கி போட வேண்டும். ஒவ்வொன்றையும் தொண்டை கிழிய எண்ண வேண்டும், அப்போதுதான் நெஞ்சு விரியும். நூறு ஆனதும் அவர் வந்துவிடுவார். அதற்குள் ரோட்டில் யாராவது வந்தால் எண்ணிக்கையை அங்கேயே விட்டுவிட்டு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் கண்பட்டுப் போட்டதெல்லாம் வீணாகிவிடும். அவர் மட்டும் தோப்புக்குள் போய் மூச்சுப் பிடிப்பார். அது பெரிய ஆட்கள் செய்கிற பயிற்சி, சின்னப் பிள்ளைகள் பார்க்கக் கூடாது.

அது சித்தி வீட்டுத் தோப்பு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மாமனார் தோப்பில் மருமகன் மூச்சுப் பிடிப்பதில் என்ன தப்பு இருக்க முடியும் என்றுதான் நினைத்தேன்.

முதல் வாரம் பதினொன்றைத் தாண்ட உயிர் போய்விட்டது. விழுவேன், எழுவேன், பாலத்துக் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு பன்னிரண்டு என்று அலறுவேன். ஆனால் கஷ்டம் காலில் இல்லை, ரோட்டில் இருந்தது. அந்த ரோடு விடியற்காலையில் சும்மா கிடக்கிற ரோடு இல்லை. மலையிலிருந்து விறகுக் கட்டோடு பெண்கள் வருவார்கள். பால்காரர் போவார். அருவிக்குக் குளிக்கப் போகிறவர்கள் வண்டி வண்டியாக வருவார்கள். நான் முப்பத்தெட்டில் இருப்பேன், ஒரு வண்டி மணி கேட்கும், மறுபடியும் ஒண்ணு. இருபத்தைந்தில் இருப்பேன், விறகுக்காரி ஒருத்தி வந்துவிடுவாள், மறுபடியும் ஒண்ணு. ஒருநாள் அவர்களில் ஒருத்தி என் பக்கத்தில் நின்று ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பாவம், இந்தப் பிள்ளைக்கு நாப்பது வரைக்குந்தான் எண்ணத் தெரியும் போல" என்று மற்றவளிடம் சொல்லிக்கொண்டே போனாள். எனக்கு அவமானத்தில் கண் கலங்கிவிட்டது. பதிலுக்கு நான் சொன்னதும் ஒண்ணு என்பதுதான்.

வெளிச்சம் நன்றாக வந்துவிட்டால் நூறு ஆகாவிட்டாலும் சித்தப்பா வந்துவிடுவார். எப்போதும் நூறு ஆகாது. ஒருநாள் அழுதுகொண்டே சொன்னேன்.

"இன்னைக்கும் நூறு வரல சித்தப்பா. நாலு தடவ ஒண்ணுலருந்து போட்டுட்டேன்."

"நாலு தடவையா? நீ சிங்கம்லே" என்று என் முதுகில் தட்டினார்.

இது எனக்குப் புரியவே இல்லை. ரோட்டில் ஆள் நடமாட்டம் அதிகமாகி நான் தோற்கிற நாட்களில் அவர் முகம் மலர்ந்திருந்தது. மழை பலமாகி ஒரு ஈ காக்கை வராமல், நான் விறுவிறுவென்று எண்பத்திரண்டு வரை போய்விட்ட அன்றைக்கு, விடிந்து அவர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். "என்னலே இது, ரயிலு மாதிரி ஓட்டுத?" என்றார். தோற்றால் பாராட்டும் ஜெயிக்கப் போனால் சிடுசிடுப்புமாக ஒரு வஸ்தாதை நான் கேள்விப்பட்டதே இல்லை. இன்னொரு நாள் அவர் தோளில் ஒரு பிச்சிப்பூ ஒட்டிக்கொண்டிருந்தது. தென்னந்தோப்பில் பிச்சிப்பூ ஏது என்று கேட்டேன். மூச்சை ஒழுங்காகப் பிடித்தால் அதெல்லாம் தானாக வரும் என்றார். அருவிக்குப் போகிற வழியெல்லாம் நானும் மூச்சைப் பிடித்துப் பார்த்தேன். இருமல்தான் வந்தது.

அருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் நாள் பெரிய அருவியில் சித்தப்பா என் தலையைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, யாரோ பிடரியில் மாறி மாறி அறைவது போலிருந்தது. கத்தினேன், கத்தியது எனக்கே கேட்கவில்லை. பதினைந்து நாள் கழித்து, அவர் கையை உதறிவிட்டு நானே உள்ளே போய் நின்றேன். தண்ணீர் அடித்தது, நான் சாயவில்லை. என் காலை நானே குனிந்து பார்த்துக்கொண்டேன். அது வேறு யாருடைய காலோ என்று தோன்றியது. 

ஆடி பாதி கழிந்திருக்கும். நான் பாலத்தில் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தேன். மேலகரம் பக்கமிருந்து கையில் கம்போடு, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஒருவர் வந்தார். வழக்கம்போல ஒண்ணு என்று கத்திவிட்டுப் பார்த்தால் சித்தியின் அப்பா.

"ஏலே, நீ தென்காசிப் பிள்ளல்லா? இங்கன என்னலே செய்யுத?"

"பஸ்கி போடுதேன் தாத்தா."

"யாரு கூட வந்த?"

"சித்தப்பா கூட."

"அவுக எங்கன?"

"தோப்புல மூச்சுப் புடிக்கப் போயிருக்காக."

அவர் தோப்பைப் பார்த்தார். தொழுவில் மாட்டு மணி ஒரு தடவை கிணுங்கியது. அவர் தோப்புக்குத்தான் கிளம்பி வந்திருக்க வேண்டும், தேங்காய் விழுந்திருக்கிறதா என்று பார்க்க. கம்பை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் அசையாமல் நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ தொண்டையைப் பலமாகக் கனைத்துக்கொண்டு, "நல்லாச் சத்தமா எண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பி நடந்தார். மறுநாளிலிருந்து பாலத்துச் சுவரின்மேல் ஒரு சிறிய செம்பில் பால் மூடி வைத்திருந்தது. சித்தப்பாவைக் கேட்டால் அவருக்கும் தெரியவில்லை. செம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், முகம் வெளுத்துப்போய்விட்டது. பிறகு, "குடிச்சிரு" என்றார். ஆடி முடியும்வரை குடித்தேன்.

ஆவணி முதல் தேதி சித்தி வந்துவிட்டாள். மறுநாள் விடியலில் நான் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தில் நின்றேன். சித்தப்பா அறைக் கதவு திறக்கவில்லை. இருமிப் பார்த்தேன், எதையோ பறிகொடுத்தவன் மாதிரி அங்குமிங்கும் நடந்து பார்த்தேன். சாணம் தெளிக்க வந்த அத்தை, "அவன் இனிமே எந்திரிக்க மாட்டான். நீ போய்ப் படு" என்றாள்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நான் என்ன தப்பு செய்தேன்? நூறு போடாததால் என்னைக் கைவிட்டுவிட்டாரா? எண்பத்திரண்டு வரை வந்தவனை இப்படி நட்டாற்றில் விடலாமா? அன்றைக்கு அவர்மேல் வந்த கோபம் மாதிரி எனக்கு அதற்குப் பிறகு யார்மேலும் வந்ததில்லை. படுக்கப் போகவில்லை. தனியாகவே ஓடினேன். கல்பாலத்தில் பால் செம்பு இல்லை, தோப்பில் காக்கைகள் மட்டும் கத்தின. யாரும் கேட்காத இடத்தில் தொண்டை கிழிய எண்ணினேன். விறகுக்காரிகள் வந்தார்கள், ஒழுங்காக ஒன்றுக்குத் திரும்பினேன். கேட்க ஆள் இல்லை என்று விதியை மீறலாமா என்று தோன்றாமல் இல்லை. கண்பட்டுவிடுமே என்ற பயம் விடவில்லை. புரட்டாசிவரை ஒருநாள் தப்பாமல் போனேன். ஒருநாள்கூட நூறைத் தொடவில்லை.

டிரில் நாள் வந்தது. நாற்காலிகளில் பெரிய மனுஷர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சித்தப்பாவும் வந்து மதில் ஓரம் நின்றிருந்தார், நான் அவரைப் பார்க்காதது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். என் முறை வந்தபோது வாத்தியார், "என்ன பதினொண்ணு, சட்டைய வாங்கிக்கிடுதியா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.  கையை நீட்டி ஒண்ணு என்று கத்தினேன். பாலத்தில் கத்திப் பழகிய குரல், முன் வரிசைக் கிழவர் ஒருவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். பதினொண்ணு. பன்னெண்டு. சிரிப்பு நின்றது. முப்பது, ஐம்பது. வாத்தியார் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். எழுபத்தாறு போட்டிருப்பேன், வாசலில் ஜட்கா ஒன்று வந்து நிற்கிற சத்தம் கேட்டது. தாமதமாக வந்த தலைமையாசிரியர் இறங்கி மைதானத்துக்குள் நுழைந்தார்.

ஒண்ணு, என்றேன்.

மைதானமே முழித்தது. வாத்தியாருக்குக் கண் சிவந்துவிட்டது. "ஏலே, எழுபத்தாறு போட்டுட்டு என்னலே மறுபடியும் ஒண்ணு?" என்று அதட்டினார். "ஆளு வந்தா ஒண்ணுலருந்து போடணும் சார்" என்று சொல்லிக்கொண்டே இரண்டாவதுக்கு உட்கார்ந்தேன்.  அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. என் வாழ்க்கையில் முதல் தடவையாக நூறு என்று சொன்னேன். சொன்ன பிறகும் நிறுத்தத் தெரியாமல் நூற்று ஒண்ணு, நூற்று ரெண்டு என்று போய்க்கொண்டிருந்தவனை வாத்தியார் தோளைப் பிடித்து நிறுத்தினார். பையன்கள் கைதட்டினார்கள். சித்தப்பா மட்டும் மதிலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டிருந்தார். நூறு போட்டதில் சிரிக்க என்ன இருக்கிறது? பதினொண்ணு என்ற பெயர் அதற்குப் பிறகும் போகவில்லை, ஆனால் பயல்கள் அதைக் கொஞ்சம் தள்ளி நின்று சொன்னார்கள்.

சித்திக்குப் பிள்ளை உண்டாகியிருந்தது. வைகாசிக் கடைசியில் பிறக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை சித்திரை இரண்டாம் வாரத்திலேயே மேலகரத்தில் பிறந்துவிட்டது. பெண் குழந்தை. தகவல் வந்ததும் வண்டி கட்டிக்கொண்டு எல்லாரும் போனோம். அத்தைதான் முதலில் குழந்தையை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். குறைமாதப் பிள்ளையாம், கை கால் எல்லாம் கொழுக்கட்டை மாதிரி இருந்தது. அத்தை குழந்தையின் தொடையை அமுக்கிப் பார்த்தாள். பிறகு விரலை மடக்கி மாதங்களை எண்ணினாள். திரும்பவும் எண்ணினாள்.  சித்தி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். சித்தப்பா உத்திரத்தை அண்ணாந்து பார்த்தார். சித்தியின் அப்பா வெற்றிலையில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"ஆடி முழுக்க நீ தென்காசியிலதான இருந்த?" என்று அத்தை சித்தப்பாவைக் கேட்டாள். குரலில் அதட்டலே இல்லை. அவள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

எண்ணுவது என்றால் இந்தக் குடும்பத்தில் என்னைவிட யாருக்குத் தெரியும்? அத்தைக்கு ஏதோ ஞாபகப் பிசகு, எடுத்துக் கொடுப்போம் என்று நான் முன்னால் வந்தேன்.

"இல்லத்தே, ஆடியில நாங்க தெனமும் இங்கனதான வந்தோம். நான் பாலத்துல பஸ்கி போடுவேன். சித்தப்பா தோப்புல மூச்சுப் புடிப்பாக. நூறு எண்ணுனதும் வந்துருவாக."

ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள், அவள் நகம் பதிந்தது. என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று தெரியாமல் நான் மலங்க மலங்க விழித்தேன். அத்தை என்னை விடச் சொன்னாள். பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"எப்பிடி எண்ணுவ? வேகமாவா?"

"ரொம்ப வேகமா எண்ணுவேன் அத்தே. ஒருநா எம்பத்திரெண்டு வரைக்கும் ரயிலு மாதிரி வந்துட்டேன்."

அத்தை குழந்தையைப் பார்த்தாள். சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. பிறகு என் தலையில் கை வைத்து, யாருக்கும் கேட்காமல் எனக்கு மட்டும் சொன்னாள்.

"இன்னும் கொஞ்சம் மெதுவா எண்ணிருக்கலாம்லாலே."

அதற்குமேல் அந்தக் குழந்தை பிறந்த மாதத்தைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய் திறக்க அத்தை விடவில்லை. அந்தத் தங்கை இன்றைக்கு நாலு பேரப்பிள்ளைகளோடு வீரகேரளம்புதூரில் சௌக்கியமாக இருக்கிறாள்.

எனக்கு அன்றைக்கு வண்டியில் திரும்பும்போதெல்லாம் ஒரே வருத்தம். ஊரே கைதட்டிய என் பஸ்கியில் அத்தைக்கு மட்டும் ஏதோ குறை தெரிந்திருக்கிறதே. மறுநாள் விடிந்ததும் முற்றத்தில் நின்று, அவள் சாணம் தெளிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க, ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்தி எண்ணிப் பார்த்தேன். மெதுவாக எண்ணினால் கால் இன்னும் அதிகமாக வலித்தது.